ஆளில்லாத தேவாலயத்தில் நாற்பது நிமிடம்

டிவிடி எல்லாம் இன்னும் யார் பார்க்கிறார்கள் என்று சிரிப்பவர்கள், குருநகரில் ஸ்ரெல்லாவின் கடைப் பக்கம் தலைவைத்தும் படுக்காதவர்கள். வெளிநாட்டுக் கலியாணங்கள் இப்போது இணையத்தில் நேரலையாக ஓடுகின்றன. ஊரிலிருக்கும் தாய் தகப்பன் கைப்பேசியில் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, அதையே ரீவியில் போட்டு நாலு சனத்துக்குக் காட்ட ஆசைப்படுவார்கள். அந்த வீடியோவை இறக்கி, பழைய பிளேயரில் ஓடும்படி மாற்றி, டிவிடி இறுவட்டில் பதிந்து கொடுப்பவள் ஸ்ரெல்லா.

மாற்றுவதென்ன, யாரும் மாற்றலாம். ஸ்ரெல்லா பதிந்த இறுவட்டை மேசையிலிருக்கும் பிளேயரில் போட்டு, தொடக்கத்திலிருந்து கடைசிவரை பார்த்த பிறகுதான் உறையில் இடுவாள். ஊர் பேர் தெரியாதவர்களின் கலியாணத்தையும் சொந்தக்காரி மாதிரி இருந்து பார்ப்பாள். "உனக்கு வேறை வேலை இல்லையோ?" என்று புருஷன் றெஜி கேட்டால், "இதுதானே வேலை" என்பாள். எனக்கு அந்தப் பதில் மெத்தப் பிடிக்கும்.

போன கிழமை, கடற்றொழில் செய்யும் சிமியோன் வந்தார். மகள் லவீனாவுக்கு ரொறன்ரோவில் கலியாணம் முடிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரருக்குச் சாப்பாடு போட்டு வீடியோவைக் காட்டவேண்டும்.

"ஒரு இடத்தை மட்டும் வெட்டிவிடு பிள்ளை" என்றார் அவர். "தகப்பன் கைபிடிச்சுக் கூட்டிவாற இடத்திலை, அவள் கோயிலுக்குள்ளை தனியத்தான் நடந்து வந்தவளாம். சித்தப்பன் கையைப் பிடிக்கப் போகவும் வேண்டாமெண்டிட்டாளாம்."

"ஏன் அண்ணை?"

"என்னிலை கோவம். விசாவுக்கு நேரத்தோடை போடுங்கோ எண்டு எத்தினை தரம் சொன்னவள். நான்தான் இறால் சீசன் முடியட்டும் எண்டு இழுத்தடிச்சனான். விசா வரேல்லை. கலியாணத்துக்கு எனக்கெண்டு தைச்ச சாம்பல் நிறக் கோட்டை மட்டும் ஒரு ஆளிட்டைக் குடுத்து விட்டன். அந்த நடையைச் சனம் பாத்தால் என்ரை முகத்தை எங்கை கொண்டுபோய் வைக்கிறது?"

வீடியோ இரண்டரை மணித்தியாலம். ஒரு இறுவட்டில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஏற்றினால் படம் மங்கிப்போகும். நேரலைக்காரர் கமெராவை முன்கூட்டியே ஓடவிட்டிருப்பார்கள். ஆளில்லாத தேவாலயம்தான் தெரியும். அந்த முதல் நாற்பது நிமிடத்தை ஸ்ரெல்லா வழக்கம்போல் பாராமலே வெட்டினாள். லவீனா நடந்து வருவதை மட்டும், ஒருமுறை பார்த்துவிட்டு வெட்டலாம் என்று விட்டுவைத்தாள்.

பார்த்தபோது கை நின்றது. தனியே நடந்து வந்த லவீனா, சனம் இருக்கும் முன்வரிசை வாங்கின் ஓரத்தில் ஒரு கணம் நின்று எதையோ தொட்டுவிட்டுப் பீடத்துக்கு ஏறினாள். வாங்கின் முதுகில் சாம்பல் நிறக் கோட்டு ஒன்று கிடந்தது. பக்கத்தில் யாரும் இல்லை.

ஸ்ரெல்லா வெட்டிய நாற்பது நிமிடத்தையும் தேடி எடுத்துப் பார்த்தாள். பிறகு சிமியோனைக் கூப்பிட்டு முன்னால் இருத்தினாள்.

ஆளில்லாத தேவாலயத்துக்குள் லவீனா கலியாண உடுப்போடு வருகிறாள். கையில் கோட்டு. அதை முன் வாங்கில் போட்டு, கொலரை நிமிர்த்தி, தோள்பட்டையை இரண்டுதரம் தட்டிவிடுகிறாள். பின்னால் வந்த ஒருவர் அந்த இடத்தில் இருக்கப் பார்க்க, கையைக் காட்டி மறித்து அடுத்த வாங்குக்கு அனுப்பிவிட்டு வெளியே போகிறாள்.

"கோவமில்லை அண்ணை" என்றாள் ஸ்ரெல்லா. "உங்கடை இடத்தை ஒருத்தருக்கும் குடுக்கேல்லை. கையையும்தான்."

சிமியோன் உடுத்தியிருந்த சாரத்தின் நுனியால் முகத்தைத் துடைத்தார். "திரும்ப ஒருக்கால் போடு பிள்ளை" என்றார். மூன்றாம் தரமும் பார்த்த பிறகு, "ஒண்டையும் வெட்டாதை" என்றார்.

ஸ்ரெல்லா எல்லாவற்றையும் இரண்டு இறுவட்டாகப் பதிந்து, இரண்டையும் முழுவதும் பார்த்து அனுப்பினாள். ஞாயிற்றுக்கிழமை சோறு ஆறிக்கொண்டிருக்க, சிமியோன் வீட்டுச் சனம் நாற்பது நிமிடம் வெறும் தேவாலயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. ரிமோட்டைச் சிமியோன் ஒருவரிடமும் கொடுக்கவில்லை.