ஒரே மூட்டை, பதினைந்து நடை

என் அம்மா முத்துப்பேச்சி சென்ற கார்த்திகையில் இறந்தாள். வயது ஐம்பத்தேழு. தேனி புறவழிச்சாலையில் உள்ள ஓர் ஏலக்காய் ஏற்றுமதி நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தில் பதினோரு ஆண்டுகள் துப்புரவு வேலை பார்த்தாள். நிறுவனம் மலர்வளையம் அனுப்பியது. பூக்கள் பிளாஸ்டிக், அடியில் தெர்மாகோல். நாடாவில் ‘குப்பையில்லா அலுவலகம்’ என்ற அவர்களுடைய முத்திரை அச்சாகியிருந்தது.

நான் ஓசூரில் எடைக் கருவிகளைச் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். ஒரு தராசு எத்தனை கிராம் பொய் சொல்கிறது என்று பார்த்துச் சான்று கொடுப்பது என் தொழில். அதனால் இதை எண்களோடுதான் எழுத வருகிறது.

கட்டடம் நான்கு மாடி. நூற்றியெண்பது பேர். அடித்தளத்தில் வண்டி நிறுத்துமிடத்தின் மூலை அம்மாவுடையது. எல்லா மாடிக் குப்பையும் அங்கேதான் வரும். உட்கார்ந்து பிரிப்பாள். மிச்சச் சோறு பக்கத்துத் தெருவில் ஆடு வளர்க்கும் தங்கபாண்டிக்கு. காகிதமும் அட்டையும் பழைய பேப்பர் கடைக்கு. தேயிலைச் சக்கை பின்பக்கத்து வாழைத் தோப்புக்கு. ஏலக்காயும் வரும். மாதிரிப் பொட்டலத்தைப் பிரித்து, உள்ளங்கையில் கொட்டி, நிறம் பார்த்து, ஒன்றைக் கடித்துவிட்டு மீதியைத் தரையில் போடுவது அந்த வியாபாரத்தின் வழக்கம். பார்த்த காய் பொட்டலத்துக்குத் திரும்பாது. போடி ஏலக்கூடத்தில் செய்வதைக் குளிர்சாதன அறையில் கம்பளத்தின் மேலும் செய்தார்கள். அம்மா அதைக் கூட்டிச் சலித்துத் தங்கபாண்டியிடம் கொடுப்பாள், தொழுவத்தில் கொசுவுக்குப் புகை போட.

கடைசியில் மிஞ்சுவது சாஸ் பொட்டலம், ஒட்டு நாடா, பளபளப்புத் தாள். அது மட்டும் நகராட்சி லாரியில் ஏறிக் குப்பைமேட்டுக்குப் போகும். இதையெல்லாம் அவளைச் செய்யச் சொன்னவர் யாருமில்லை. செய்கிறாள் என்று மாடிகளில் தெரிந்தவரும் இல்லை.

பிறகு ஏலக்காய் வாங்கும் ஜெர்மனிக்காரர்கள் கடிதம் போட்டார்கள்: உங்கள் அலுவலகக் குப்பை குப்பைமேட்டுக்குப் போகிறதா? போகவில்லை என்று சான்றிதழ் வேண்டும். நிர்வாக மேலாளர் லிங்கேஸ்வரனிடம் பொறுப்பு வந்தது. மாடிக்கு நான்கு நிறத் தொட்டிகள் வாங்கி வைத்தார். பச்சைத் தொட்டி லிஃப்ட் பக்கத்தில் இருந்ததால் எல்லாவற்றையும் பச்சையில் போட்டார்கள். அம்மா நான்கையும் ஒன்றாகக் கொட்டி வழக்கம்போலப் பிரித்தாள்.

சான்றிதழுக்கு நிபந்தனை எளிது. இப்போது போகும் குப்பையை ஒரு மாதம் நிறுக்க வேண்டும். பிறகு அதில் தொண்ணூறு சதவீதம் குறைக்க வேண்டும். வாசலில் தராசு வைத்தார்கள். முதல் நாள் ஆறு கிலோ. அடுத்த நாளும் ஆறு. வாரம் முழுவதும் அதேதான்.

பொங்கல் விடுப்பில் வந்திருந்த என்னை லிங்கேஸ்வரன் கூப்பிட்டனுப்பினார். எடைக்கற்களை வைத்துப் பார்த்தேன்.

“தராசு சரியா இருக்கு சார்.”

“அப்ப குப்பைதான் தப்பா இருக்கு.”

“ஆறு கிலோன்னா நல்லதுதான சார்?”

“நல்லதுதான் மேடம். இதுல தொண்ணூறு சதவீதம் குறைச்சா என்ன மிஞ்சும்? அறுநூறு கிராம். நூத்தியெம்பது பேருக்கு அறுநூறு கிராம்னா எவன் நம்புவான்?”

குப்பை ஏன் குறைவு என்று அம்மாவிடமே கேட்டுத் தெரிந்துகொண்டார். “அக்கா, ஒரு மாசத்துக்குப் பிரிக்காதீக. எல்லாத்தையும் ஒண்ணாக் கட்டி அனுப்பிருங்க.”

“சோத்தையும் பிளாஸ்டிக்கையும் ஒண்ணாக் கட்டுனா ரெண்டே நாள்ல நாறும் சார். அங்கன உக்காந்துருக்கது நான்ல. நீங்க நாலாவது மாடி.”

மறுநாளும் ஆறு கிலோ.

ஏலக்காய் வியாபாரத்தில் இன்னொரு பழக்கமும் உண்டு. ஏலத்தில் எடுத்த காயையே மறுபடி ஏலத்துக்கு விடுவது. அதே காய் இரண்டு முறை, மூன்று முறை கூடத்துக்கு வரும். பார்க்கிறவனுக்குச் சரக்கு மலைபோலத் தெரியும். அந்த அறிவு லிங்கேஸ்வரனுக்குக் கைகொடுத்தது. மூட்டை வாசல் தராசில் ஏறும். எழுதிக்கொள்வார்கள். கட்டடத்தைச் சுற்றிப் பின்வாசல் வழியாக அடித்தளத்துக்கு வரும். சரிவுப் பாதையில் ஏறி மறுபடி தராசுக்குப் போகும். நாளுக்குப் பதினைந்து நடை. ஆறு பதினைந்து தொண்ணூறு கிலோ. சுமக்க ஆள் வேண்டும்.

“சான்றிதழ் மட்டும் வரட்டும்க்கா. உங்களக் கம்பெனி ஆளாவே போட்டுர்றேன். காண்ட்ராக்ட் கிடையாது. ஐடி கார்டு, மெடிக்கல் கார்டு எல்லாம் வந்துரும்.”

பதினோரு ஆண்டுகளாக அவள் ஒப்பந்தக்காரனின் நீலச் சட்டைதான் போட்டாள். அடையாள அட்டை இல்லாததால் முன்வாசல் வழியாக வர முடியாது. முழங்கால் வலிக்குத் தன் செலவில் தைலம். அந்த அட்டை வேண்டும் என்று போனில் சொன்னாள். தனக்கென்று அவள் ஒன்றைக் கேட்டு நான் கேட்டதில்லை. மாசி மாதம் முழுவதும் சுமந்தாள். தராசைச் சோதித்தவள் நான். எல்லாம் தெரிந்தும் சுமக்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

ஆனியில் உரம் தயாரிக்கும் இயந்திரம் வந்தது. மாலை போட்டு, சந்தனம் வைத்து, பொத்தானை அழுத்தினார்கள். சோறு ஆட்டுக்குப் போய்விடுவதால் அதற்குள் போட ஒன்றுமில்லை. காலை பத்திலிருந்து மாலை ஐந்துவரை வெறுமனே சுற்றியது. தராசில் ஆறு கிலோ. தொண்ணூறிலிருந்து ஆறு. தொண்ணூற்று மூன்று சதவீதம் குறைந்தது.

புரட்டாசியில் சான்றிதழ் அமைப்பின் சோதனைக்குப் புனேயிலிருந்து ஒருவர் வருவதாக இருந்தது. முந்தின நாள் அம்மா போன் செய்தாள்.

“அந்த ஆளு எங்கிட்டக் கேட்டா என்னத்தச் சொல்ல?”

“தெரியாதுன்னு சொல்லிரும்மா. கார்டு கைக்கு வரட்டும்.”

“ம்.”

அவர் கேட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது. இயந்திரம் வருவதற்கு முன் எவ்வளவு போகும் என்று இந்த அம்மாவிடம் கேளுங்கள் என்று லிங்கேஸ்வரனிடம் சொன்னார். நடந்ததை நிறுவனத்தாரே படம் எடுத்துத் தங்கள் முகநூல் பக்கத்தில் போட்டிருந்தார்கள். பல முறை பார்த்தேன். அம்மா நிமிர்ந்து நின்று சொல்கிறாள்:

“எப்பவும் ஆறு கிலோதான்யா போகும். நடுவுல ஒரு மாசம் அதே மூட்டையப் பதினஞ்சு நடை தூக்கச் சொன்னாக. தூக்குனேன்.”

லிங்கேஸ்வரன் சிரிப்பு மாறாமல் ஆங்கிலத்தில் சொல்கிறார்: முன்பெல்லாம் இவர் தினம் பதினைந்து மூட்டை சுமந்தாராம், இப்போது ஒரே மூட்டைதானாம், நிர்வாகத்துக்கு நன்றி சொல்கிறார். புனேக்காரர் நெகிழ்ந்து கும்பிடுகிறார். அம்மாவும் கும்பிடுகிறாள். சுற்றி நிற்பவர்கள் கை தட்டுகிறார்கள்.

அன்று மாலை அவளே கூப்பிட்டாள்.

“நீ சொன்னதச் சொல்லல ஆத்தா.”

“ஏம்மா?”

“தூக்குனது நான். எனக்கே தெரியாதுன்னா எப்பிடி?” பிறகு புனேக்காரரைப் பற்றிச் சொன்னாள். “நல்ல மனுசன். சொன்னது அவருக்கு வெளங்கிருச்சு. கையெடுத்துக் கும்பிட்டாரு.”

இரண்டு நாள் கழித்துப் படத்தைப் பார்த்தபோது அவர் எதற்குக் கும்பிட்டார் என்று தெரிந்தது. அவளிடம் சொல்லவில்லை.

சான்றிதழ் வந்தது. சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார்கள். ஐப்பசி முதல் வாரம் ஒப்பந்தக்காரன் வந்து, இயந்திரம் இருப்பதால் அடித்தளத்துக்கு ஆள் தேவையில்லை என்றான். அம்மா நான்காவது மாடிக்குப் போய் அட்டையைக் கேட்டாள்.

“என்ன வாய்க்கா உங்களுக்கு,” என்றாராம் லிங்கேஸ்வரன். “நான் மட்டும் பக்கத்துல இல்லைன்னா அன்னைக்கே எல்லாம் போச்சு. இதுல கார்டு வேறயா?”

“நீங்க என்ன சொன்னீக அவருகிட்ட?” என்று கேட்டாளாம். அவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாராம். பின்வாசல் வழியாக இறங்கி வந்தாள்.

ஐந்து வாரம் கழித்து, காலையில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது விழுந்தாள். மாரடைப்பு என்று எழுதினார்கள். சுமந்ததற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று மருத்துவரைக் கேட்டேன். “சர்க்கரை இருந்திருக்கு” என்றார். ஒன்றன்பின் ஒன்று வந்தால் ஒன்றால் ஒன்று வந்தது என்று எழுதுவது என் தொழிலில் பிழை. எழுதவில்லை.

துக்கம் கேட்க வந்த தங்கபாண்டி, இயந்திரம் சோற்றையும் சாஸ் பொட்டலத்தையும் சேர்த்து அரைத்து நின்றுவிட்டது என்றார். இப்போது லாரி தினம் இரண்டு நடை வருகிறதாம். தராசை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்களாம்.

பதினாறாம் நாள் முடிந்த மறுநாள், சான்றிதழ் கொடுத்த அமைப்பின் இணையதளத்தைத் திறந்தேன். புகாருக்கு ஒரு படிவம் இருந்தது. அம்மா சொன்ன மூன்று வாக்கியங்களை ஆங்கிலத்தில் எழுதினேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை. தகவல் தருபவர் பெயர் என்ற இடத்தில் முத்துப்பேச்சி என்று எழுதினேன். கைபேசி எண் கேட்டது. அவளுடையதைக் கொடுத்தேன்.

சரிபார்க்க ஆறு இலக்க எண் அனுப்பியிருப்பதாக வந்தது. என் கைப்பைக்குள் அவள் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்து எண்ணை அடித்தேன்.