ஃபினிஷிங் சரியில்லை

புரொஃபஷனல் கால்பந்து கிளப்பின் மேனேஜர் மேட்ச் சமயத்தில் செய்யக் கூடாதவை பல உண்டு. ஆட்டக்காரர்களின் ஷூக்களை மொத்தமாக ஆம்பூருக்கு அனுப்பிவைப்பது அதில் முதலிடம். அதைத்தான் நான் செய்தேன்.

1. வேலை கிடைத்த விதம்

நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஹெச்.ஆர். பார்த்துக்கொண்டிருந்தவன். எங்கள் முதலாளியை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். வேலூர் கிளப் ஒன்றை வாங்கிய கையோடு என்னை அழைத்தார்.

"ஃபுட்பால் தெரியுமாப்பா?"

"டிவில பாத்திருக்கேன் பாய்."

"என்னைவிட ஜாஸ்தி. நீதான் மேனேஜர்."

அவருடைய ஒரே ஆசை, நம் கம்பெனி ஷூவைப் போட்டுக்கொண்டு நம் பசங்கள் ஆட வேண்டும் என்பது. ஆடினார்கள், தோற்றுக்கொண்டே இருந்தார்கள். கடைசி மேட்சிலும் தோற்றால் கீழ் லீக்.

"எறங்கினா கிளப்ப மூடிடுவேன். பசங்கள நீயே வீட்டுக்கு அனுப்பு" என்றார் பாய். அந்தப் பசங்களில் நானும் ஒருவன் என்பதைச் சொல்லவில்லை. தேவையும் இல்லை.

2. ரீவொர்க்

மேட்சுக்கு முந்தின நாள் கோச் சேகர் போன் செய்தார். வியாசர்பாடிக்காரர், நல்ல மனிதர்.

"சார், ஃபினிஷிங் ரொம்ப மோசம். அத சரி பண்ணலன்னா நாளைக்கு நாம காலி."

ஃபினிஷிங் என்றால் எனக்கு ஒன்றுதான் தெரியும்: தைத்த ஷூவுக்கு கிரீம் தடவி, ஸ்ப்ரே அடித்து, பளபளவென்று டப்பாவில் போடும் செக்‌ஷன். சரக்கு வாங்கும் வெளிநாட்டுக்காரர் அந்த வார்த்தையைச் சொன்னால் கம்பெனியே நடுங்கும். நடுங்கியே பழகிய உடம்பு. யோசிக்க நேரம் எடுக்கவில்லை. பாயிடம் ஓடினேன்.

"நம்ம ஷூவையா சொல்றாரு?" பாயின் முகம் சிவந்தது. "யூரோப்காரனே வாயத் தொறக்கல. எல்லாத்தையும் திருப்பி வாங்கி ரீவொர்க் போடு. நாளைக்கு ஒரு கொற சொல்லட்டும், பாக்கலாம்!"

ஷூ மூட்டை எப்போதும் என் பொறுப்பில்தான். ஸ்பேர் ஜோடிகளையும் விடாமல் அள்ளி அனுப்பினேன். ஃபினிஷிங் சூப்பர்வைசர் மல்லிகா, மாதனூர்க்காரம்மா, பிரித்துப் பார்த்துவிட்டு போனில் கத்தினார்.

"இன்னா சார் இது, ஷூவ அனுப்பினீங்களா, சேத்த அனுப்பினீங்களா?"

"ஷோரூம் பீஸ் மாதிரி வேணும்மா. நாளைக்கு மேட்சுக்கு முன்னாடி நீயே எடுத்தாந்துடு."

3. வெறுங்கால்

மறுநாள் வேலூர் மைதானத்தில் டீம் மொத்தமும் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தது.

"ஷூ எங்க சார்?" என்றார் கோச்.

"நீங்க சொன்ன மாதிரியே ஃபினிஷிங்குக்குப் போயிருக்கு."

கோச் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"சார்... கெடைச்ச பந்த கோலுக்குள்ள போடறதுக்குப் பேருதான் சார் ஃபினிஷிங்."

ரெஃப்ரி வந்து, ஷூ வராவிட்டால் எதிர் டீமுக்கு வாக்ஓவர் என்று சொல்லிவிட்டுப் போனார். மல்லிகாவுக்குப் போன் போட்டேன்.

"பள்ளிகொண்டா டோல்கேட் சார். டிரைவர் அண்ணன் ஒரு டீ குடிச்சிட்டுப் போலாமான்றாரு."

"குடிச்சா, அடுத்த டீய என் பதினாறாம் நாள் காரியத்துலதான் குடிக்கணும்னு சொல்லு!"

கம்பெனி பஸ் புழுதியோடு வந்து நின்றது. ஜோடிக்கு ஒரு டப்பா, டிஷ்யூ பேப்பர், ஈரம் உறிஞ்சும் பொட்டலம் உட்பட. முகம் பார்த்துத் தலை வாரலாம், அப்படி ஒரு பளபளப்பு.

"சார், இதப் போட்டுக்கினு பொண்ணு பாக்கப் போலாம்" என்றான் ஃபார்வர்ட் ஜான்சன்.

ஆட்டம் முடியும் தறுவாயில் அவன்தான் வலது மூலையைக் குறிவைத்து உதைத்தான். பந்து அந்தப் பளபளப்பில் வழுக்கி இடது பக்கம் போனது. கீப்பர் வலது பக்கம் பாய்ந்துவிட்டார். கோல்! அந்த ஒன்றே போதுமானதாக இருந்தது, கிளப் பிழைத்தது.

பாய் கேலரியிலிருந்து இறங்கி வந்து கோச்சின் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க சொன்னது கரெக்ட்டுங்க. ஃபினிஷிங் நல்லா இருந்தா கோல் தானா வருது!"

கோச் வாயைத் திறந்தார். நான் அவர் காலை மிதித்தேன்.

"ஆமா பாய்" என்றார்.

கிளப் நடத்த வரும் இளைஞர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கோச் என்ன சொன்னாலும், ஓடுவதற்கு முன் 'எந்த டிபார்ட்மென்ட்?' என்று கேளுங்கள். நான் இப்போது தவறாமல் கேட்கிறேன். போன வாரம் அவர், "டிஃபென்ஸ்ல பெரிய ஓட்டை சார்" என்றார். நான் வாயெடுப்பதற்குள் அவரே கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஊசி நூல எடுத்துக்கினு வந்துடாதீங்க சார்."