லார்ஜ் என்று சொல்லாத அக்கா

எங்கள் ரெடிமேட் கடையில் பெண்கள் பிரிவை இருபது வருடமாகப் பார்த்துக்கொள்பவர் அக்கா. நான் பில் போடுகிறவள். என் கவுண்டர் அவருக்கு நேர் எதிரே. ஆள் உள்ளே நுழையும்போதே அக்காவின் கண் அளவெடுத்துவிடும், டேப்பைத் தொடவே மாட்டார். அவர் எடுத்துக் கொடுத்த சட்டை அளவு சரியில்லை என்று திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

ஒரே ஒரு சொல் மட்டும் அவர் வாயில் வராது. லார்ஜ். ஜூஸ் கடையில் அதே சொல்லை நாம் நெஞ்சை நிமிர்த்திக் கேட்டு வாங்குகிறோம். சட்டைக்கு என்றால் மட்டும் முகம் தொங்கிப்போகிறது. அக்கா இளவயதில் போன ஒரு கடையில், "இவங்களுக்கு லார்ஜ் எடுப்பா!" என்று ஒருவன் மாடிவரை கேட்கக் கத்தினானாம். அக்கா எதுவும் வாங்காமல் வெளியே வந்துவிட்டாராம். அதனால்தான் கொஞ்சம் பருமனானவர்கள் வந்தால், "கழுத்துல குத்தும்மா" என்று அளவு போட்ட லேபிளை வெட்டிவிட்டுத்தான் துணியைக் கொடுப்பார். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. சொன்னால், "உன் வேலையப் பாருடி" என்பார்.

ஆறு வருடமாக அக்காவிடம் மட்டுமே துணி எடுக்கும் பெண் ஒருத்தி. "எனக்கு மீடியம்தானேக்கா?" என்று அவள் ஒருமுறை கேட்டபோது அக்கா தலையாட்டிவைத்தார்.

போன வாரம் அவள் அரக்கப்பரக்க வந்தாள். விமான நிலையத்தில் வேலை கிடைத்திருக்கிறது. படிவத்தில் மீடியம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். அன்று காலை கொடுத்த யூனிஃபார்மில் பட்டனே சேரவில்லை. ஐந்து மணிக்குள் சரியான அளவைச் சொன்னால்தான் திங்கட்கிழமை சேரலாம், இல்லையென்றால் அந்த இடத்துக்கு வேறு ஆளாம்.

"உண்மையச் சொல்லுங்கக்கா. இத்தனை நாளா நான் என்ன சைஸ் போட்டுட்டு இருந்தேன்?"

அக்கா மடித்த துணியையே மறுபடி மடித்தார். "கம்பெனிக்குக் கம்பெனி அளவு மாறும்மா..." என்று இழுத்தார்.

"அக்கா, மணி நாலே முக்கால்."

"லார்ஜ்." குரலே எழும்பவில்லை. அவள் தோளை ஒருமுறை பார்த்துவிட்டு, "இல்ல, எக்ஸ்ட்ரா லார்ஜ். ரெண்டு வருஷமாவே" என்றார்.

அங்கேயே நின்று ஃபோனில் சொன்னாள். திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டார்கள். எனக்கே அப்போதுதான் மூச்சு வந்தது.

"உன் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னுதாம்மா சொல்லல" என்றார் அக்கா.

அவள் கத்தியிருந்தால்கூடத் தேவலை. மெதுவாகத்தான் சொன்னாள்.

"நீங்க சொல்லியிருந்தா நம்ம ரெண்டு பேரோட போயிருக்கும்க்கா. அங்க பதினஞ்சு பேர் முன்னாடி பட்டன் போட முடியாம நின்னேன்."