கொசுறுப் பலகை

நம்பித்தான் ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை. நான் சரக்கு விற்றுப் பிழைப்பவன். எதை யார் நம்புவார் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். ஆனால் இதில் ஒரு வார்த்தைகூட ஏற்றிச் சொல்லவில்லை, இறக்கியும் சொல்லவில்லை. அடக்க விலைக்கே தருகிறேன்.

கட்டடம் கட்டும் இடங்களில் பழைய பலகைகளை மொத்தமாக வாங்கி விற்பது என் தொழில். எங்கள் வீட்டில் பிள்ளைகள் பேசப் பழகும் முன்பே பேரம் பேசப் பழகிவிடுவார்கள். பேரம் முடிந்த பிறகும் ஒரு கொசுறு கறக்காமல் வந்தால் அப்பாவுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. எனக்கும் அப்படித்தான்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம், அரைகுறையாக நின்ற ஒரு நாலு மாடிக் கட்டடத்தில் பேரம் முடிந்தது.

"கொசுறா ஒண்ணு?" என்றேன்.

மேஸ்திரி கையெடுத்துக் கும்பிட்டார். "மேல எதையாவது எடுத்துக்கிட்டு ஆளை விடுங்க சாமி."

நாலாவது மாடித் தரையில் ஒரு பலகை கிடந்தது. நல்ல தடிமன். புத்தம் புதுசு. நானும் லோடுமேனும் தூக்கினோம்.

அடியில் ஓட்டை. குழாய் இறக்குவதற்காக விட்டது. கீழ்த்தளம் வரைக்கும் ஒரே இருட்டு.

"அண்ணே, இது மூடி வச்ச பலகைண்ணே."

"எடுத்துக்கச் சொல்லிட்டாருல்ல? கீழ போய் நான் சொல்லிக்கிறேன்."

ஆனால் மேஸ்திரி பார்த்தால் கொசுறு போச்சு. அதனால் பக்கத்தில் கிடந்த சாக்குப் படுதாவை ஓட்டையின் மேல் விரித்து, நாலு மூலைக்கும் செங்கல் வைத்தேன். பார்க்க லட்சணமாக இருந்தது. தரை மாதிரியே.

கீழே வந்தேன். வாயைத் திறக்கவில்லை.

வாசலில் வாட்ச்மேன். கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும் என்பதால் எல்லோருக்கும் அவர் 'விசில்'தான். வலது கையில் மோதிர விரல் பாதிதான் இருக்கும். கலவை மிஷின் தின்ற மிச்சம். தினமும் சாயங்காலம் மாடி மாடியாகக் குழாயை இழுத்துப் போய்க் கான்கிரீட்டுக்குத் தண்ணீர் விடுவது அவர் வேலை.

"என்ன பலகைக்காரரே, நான் சாஞ்சுக்க ஒரு சுவராவது விட்டு வச்சீங்களா?"

"அடுத்த தடவை அதையும் பேசி முடிச்சிடலாம்."

சிரித்தார். நானும் சிரித்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

மறுநாள் ஞாயிறு. பொழுது சாய்கிற நேரம். கடைப் பூட்டைப் பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன்.

தப்...

பலகை அடுக்கிலிருந்து.

மழை இல்லை. மற்ற பலகைகள் காய்ந்து கிடந்தன. மேலே வைத்த கொசுறுப் பலகை மட்டும் ஈரம். நடுவில் ஒரு காலடி. ஒரே ஒரு வலது கால். அடுத்த அடியைக் காணோம்.

மேஸ்திரிக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. விசில் தண்ணீர் விட மேலே போகிற நேரம்... லோடுமேன் லீவு. ஒற்றை ஆளாகப் பலகையை வண்டியில் சரிப்பதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது.

போய்ச் சேர்ந்தபோது 6.20. வாசலில் விசில் நின்றிருந்தார். எனக்கு உயிர் வந்தது.

"பலகையத் திருப்பிக் கொண்டாந்தேன்."

"தெரியும். பிடிங்க."

முன்பக்கத்தை அவர் தூக்கினார். கனமே தெரியவில்லை. படிகளில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"தண்ணி ஓடுதே, நிறுத்தலியா?"

"நிறுத்த ஆள் இல்லையே."

கிண்டல் என்று நினைத்தேன்.

சளக்... சளக்... என் காலடிச் சத்தம்.

என்னுடையது மட்டும்.

அவர் இடது காலில் செருப்பு. வலது காலில் இல்லை.

நாலாவது மாடி. ஓட்டை வாயைப் பிளந்து கிடந்தது.

"படுதா எங்க?"

"கீழ."

பலகையை இறக்கினோம். மூடினோம். தலையைக் குனிந்தபடியே சொன்னேன்.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"நான் எப்படிச் சொல்றது? நீங்கதான் சொல்லணும்."

நிமிர்ந்தேன்.

யாருமில்லை.

பலகைக்கு அடியில்... ரொம்ப ஆழத்தில்...

விசில்.

எப்படி இறங்கினேன் என்று தெரியாது.

காலையில் மேஸ்திரி போன் செய்தார்.

"நம்ம விசில் குழாய்க் குழியில செத்துக் கிடக்காருங்க. சனிக்கிழமை சாயங்காலமே உயிர் போயிருச்சாம். மேல மூடி போட்டபடியே இருக்கு. அதனால, தானா வேற மாடியிலேருந்து குழிக்குள்ள குதிச்சிட்டாருன்னு பேசிக்கிறாங்க. அவர் சம்சாரம்தான், அப்படிப்பட்ட ஆளில்லைன்னு அழுதுட்டு நிக்குது."

சும்மா இருந்தால் தப்பித்திருப்பேன். என் வாழ்க்கையிலேயே பெரிய கொசுறு அது. வேண்டாம் என்று தோன்றியது.

போனேன். அந்த அம்மா முன்னாலேயே ஓட்டை, படுதா, செங்கல், எல்லாவற்றையும் இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். அவர் பலகையை ஒரு முனையில் தூக்கிப் பார்த்தார். மூச்சு வாங்கியது.

"இதை ஒத்தை ஆளா நாலு மாடி ஏத்தினியா?"

"இல்லைங்க."

"மறுமுனையை யாருய்யா பிடிச்சது?"

சொன்னேன். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. "அதைத் திருப்பிப் போடுங்க" என்றார்.

திருப்பினார்கள். மறுமுனையில், அடிப்பக்கம், நாலு விரல் ஈரம். இன்னும் காயவில்லை...

மூன்று முழுசு. ஒன்று பாதி.