சரீரப் பிணைக்குக் காசு கட்டத் தேவையில்லை

1. வாய் நிறையச் சட்டத் தமிழ்

மலைநாட்டு நீதிமன்றங்களில் முப்பத்தொரு வருடம் உரைபெயர்ப்பாளராக இருந்தேன். நீதவான் சிங்களத்தில் சொல்வதைத் தமிழிலும், கூண்டில் நிற்பவர் தமிழில் சொல்வதைச் சிங்களத்திலும் சொல்ல வேண்டும். சனங்கள் 'முதலியார் ஐயா' என்பார்கள். நான் யாழ்ப்பாணத்தான். பதுளைக்கு வந்த புதிதில் 'போதும்' என்பதற்கு 'காணும்' என்று சொல்லி, தோட்டத்து ஆட்களை எதையோ காணோம் என்று தேட வைத்தவன். பிறகு அவர்களுடைய பேச்சைப் பழகிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் என்னிடம் சட்டச் சொற்களின் பட்டியல் கேட்கிறார்கள். பட்டியல் எந்த நீதிமன்றக் கந்தோரிலும் கிடைக்கும். நான் விட்ட பிழை ஒன்றைச் சொல்கிறேன்.

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் செல்வராஜ் என்று ஒருவர். லயத்துப் பீலியில் தண்ணீர் பிடிக்கும் சண்டையில் பக்கத்து வீட்டுக்காரரின் மண்டையை உடைத்தார் என்று வழக்கு. ரிமாண்டில் வைத்தார்கள். இங்கே இடநெருக்கடி என்று தூரத்துச் சிறையொன்றுக்கு மாற்றினார்கள். இரண்டாவது தவணையில் நீதவான் பிணை கொடுத்தார். அதை நான் தமிழில் சொன்னேன்.

"தலா ஒரு லட்சம் ரூபாய் பெறுமதியான இரண்டு சரீரப் பிணைகளில் செல்ல அனுமதிக்கப்படுகிறார்."

ஒரு எழுத்துப் பிசகில்லாத தமிழ். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. சரீரப் பிணை என்றால் இரண்டு பேர் கிராம சேவகரின் கடிதத்தோடு வந்து கையெழுத்து வைப்பது. ஆள் தப்பி ஓடினால்தான் அந்த ஒரு லட்சம் பற்றிய பேச்சு வரும். அன்றைக்கு ஒரு சதமும் கட்டத் தேவையில்லை.

மனைவி லெச்சுமி பின்வரிசை வாங்கில் எழுந்து நின்றார். நாற்பது வயதிருக்கும்.

"விளங்கினதோ அம்மா?" என்று கேட்டேன்.

"ஆமாங்க."

அதிகாரி முன்னால் நின்றுகொண்டு 'விளங்கவில்லை' என்று அந்தச் சனம் சொல்லாது. அது எனக்குத் தெரியும். அன்றைக்கு வழக்கு நாற்பதுக்கு மேல். அவர்களுடைய சட்டத்தரணிக்குத் தமிழ் தெரியாது. அவரும் அடுத்த வழக்குக் கட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். லெச்சுமியின் காதில் விழுந்தது இரண்டு பேர், இரண்டு லட்சம். அவர் காசு தேடப் போனார். செல்வராஜ் சிறைவண்டியில் ஏறிப் போனார்.

2. கலவரம்

ஒன்பதாம் நாள் அந்தச் சிறையில் கலவரம். கைதிகள் களஞ்சியத்துக்குத் தீ வைத்தார்கள் என்றும், காவலர்கள் சுட்டார்கள் என்றும் டி.வி.யில் சொன்னார்கள். யார் செத்தது, யார் பிழைத்தது என்று ஒருவரும் சொல்லவில்லை.

லெச்சுமி இரண்டு நாள் அந்தச் சிறை வாசலில் நின்றுவிட்டு, மூன்றாம் நாள் நீதிமன்றத்துக்கு என்னிடம் வந்தார். கூட மகள் தர்ஷினி. ஏ.எல். படிக்கிற பிள்ளை.

"அங்க கேட்டா சிங்களத்துல என்னமோ சொல்லி வெரட்டுறாங்கய்யா. அவரு இருக்காரா இல்லையான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

டெலிபோன் எடுத்தேன். ஒரு மணித்தியாலம் ஆளுக்காள் மாற்றினார்கள். கடைசியில் ஒருவர் பெயர்ப் பட்டியலைப் பார்த்துச் சொன்னார். ஆள் உயிரோடு ஆஸ்பத்திரியில். முழங்காலில் துப்பாக்கிச் சூடு. காலை எடுத்துவிட்டார்கள்.

அதைச் சொன்னேன். லெச்சுமி அழவில்லை. மடியிலிருந்து ஒரு துணிப் பொட்டலத்தை எடுத்து என் மேசையில் வைத்தார்.

"காதுத் தோட்ட வித்துட்டேன். சீட்டுக் காசையும் எடுத்துட்டேன். பாதிதான் சேந்துச்சு. மிச்சத்த மாசாமாசம் கட்டுறேன், ஆள விடச் சொல்லுங்கய்யா."

பொட்டலத்தை அவர் பக்கமே தள்ளி வைத்தேன்.

"காசு வேண்டாம் அம்மா. ரெண்டு பேர் வந்து கையெழுத்து வச்சால் சரி."

"அப்ப அன்னைக்கும் வேணாமா?"

"அன்றைக்கும் வேண்டாம்."

தர்ஷினி தாயைத் திரும்பிப் பார்த்தாள். "நீ என்னத்தம்மா கேட்டுட்டு வந்த? அப்பா அன்னைக்கே வீட்டுக்கு வந்திருப்பாரே."

அந்த இடத்தில் நான் வாய் திறந்திருக்க வேண்டும். பிழை என்னுடையது என்று ஒரு வார்த்தை. உள்ளே வழக்கு கூப்பிட்டார்கள். எழுந்து போய்விட்டேன். கூப்பிட்டது நல்லதாய்ப் போயிற்று என்றுகூட நினைத்தேன். அந்த நினைப்புக்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

3. எட்டு மாதம் கழித்து

வழக்கு இணக்கமாக முடிந்த நாளில் செல்வராஜ் ஊன்றுகோலோடு வந்தார். துணைக்கு மகள் மட்டும்.

"அம்மா வரேல்லையோ?" என்று கேட்டேன்.

"அது தன் தங்கச்சி வீட்டோட போயிருச்சுங்க" என்றார் செல்வராஜ். "அவ ஒழுங்கா கேட்டிருந்தா எனக்குக் கால் இருந்திருக்கும்."

மகள் தலையாட்டினாள். நான் அன்றைக்கும் பேசவில்லை. கோழை என்று என்னை நானே திட்டிக்கொண்டு ஒரு கிழமை தூங்காமல் கிடந்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பசறை பஸ் ஏறினேன்.

செல்வராஜ் வீட்டுக்கு லெச்சுமியை அழைத்து வரச் சொல்லி, மூவரையும் வைத்துக்கொண்டு சொன்னேன். "பிழை அவவில இல்லை. நான் சட்டத் தமிழில சொன்னனான். காசு கட்டத் தேவையில்லை எண்டு நான் சொல்லேல்லை. பிறகு தெரிஞ்சும் வாய் திறக்கேல்லை."

செல்வராஜ் ஏசவில்லை. குனிந்துகொண்டார். தர்ஷினி போய்த் தாயின் கையைப் பிடித்தாள்.

"வீட்டுக்கு வாம்மா."

லெச்சுமி மெதுவாகக் கையை எடுத்துக்கொண்டார். என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

"உங்க மேல கோவமில்லங்க. ஐயா காசுன்னுதான் சொன்னாருன்னு நான் அன்னைக்கே தலையில அடிச்சுச் சொன்னேன். கோர்ட்டு ஐயா தப்பாச் சொல்ல மாட்டாருன்னு இவங்கதான் சொன்னாங்க. இப்பவும் நீங்க வந்து சொல்லவும்தான் நம்புறாங்க. நான் சொன்னப்ப நம்பலையே."

சொல்லிவிட்டுத் தங்கை வீட்டுக்கே நடந்தார். மறுநாள் விடிய, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போக வேண்டும் என்றார்.

பிறகு ஓய்வு பெறும்வரை, 'விளங்கினதோ' என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. 'நான் என்ன சொன்னேன், நீங்கள் சொல்லுங்கள்' என்று கேட்டேன். வரிசை நீண்டது. நீதவான்கள் முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும் என்று விட்டேன். இது பாதிப் பாடம்தான். பிழை விட்டால் அந்த நிமிடமே, அந்த ஆட்கள் முன்னாலேயே சொல்லிவிடுங்கள் என்பது மற்றப் பாதி. நான் தும்பை விட்டு வாலைப் பிடித்தவன். லெச்சுமி இன்றும் தங்கை வீட்டில்தான் இருக்கிறார்.