இரண்டரை மணிப் படையல்

தீபாவளிக்கு முந்தின நாள் சாயங்காலம் என் மாமியார் ஒரு கூட்டம் போடுவார். "நாளிக்கு எத்தினி மணிக்குப் படைக்கலாம்?" என்று எல்லாரையும் உட்கார வைத்துக் கேட்பார். பதில் அவருக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும். இருந்தாலும் காலண்டரை எடுத்து ராகு காலம் எமகண்டம் எல்லாம் பார்த்து, பதினொன்று என்றும் பன்னிரண்டு என்றும் ஆளுக்கொரு நேரம் சொல்லுவோம். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர், "சரி, பெரியவன் ஷிப்ட் முடிச்சிகினு வந்துரட்டும்" என்பார். கூட்டம் கலைந்துவிடும்.

பெரியவர் என்றால் என் கணவரின் அண்ணன். சுரங்கத்தில் பர்மனென்ட். டவுன்ஷிப்பில் அவருக்குக் கொடுத்திருந்த குவார்ட்டர்ஸில்தான் மாமியாரும் இருந்தார், எல்லாப் பண்டிகையும் அங்கேதான். தீபாவளியன்று அவர் விரும்பித்தான் காலை ஷிப்ட்டுக்குப் போவார். பண்டிகை நாளில் வேலை பார்த்தால் பதிலுக்கு வேறொரு நாள் லீவு கிடைக்கும். அப்படிச் சேர்த்து வைத்த லீவில் வருடம் தவறாமல் மலைக்கு மாலை போட்டுப் போய் வருவார். இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்து, வந்து குளித்து, இறந்துபோன என் மாமனாரின் படத்துக்கு முன்னால் அவர் கற்பூரம் ஏற்றும்போது மணி இரண்டரை ஆகியிருக்கும். மூத்த மகன்தான் ஏற்ற வேண்டும். அதுவரைக்கும் சமைத்ததில் ஒரு வடை, ஒரு கரண்டிக் குழம்பு யார் வாயிலும் படக் கூடாது. எங்கள் வீட்டுப் படையலின் சட்டம் அது.

சட்டத்தில் எனக்குக் குறையில்லை. என் கணவருக்கு இரண்டு மணிக்கு ஷிப்ட் ஆரம்பிக்கும், அதுதான் குறை. அவர் கான்ட்ராக்ட். கன்வேயர் பெல்ட்டிலிருந்து சிந்துகிற கரியை அள்ளி மறுபடி மேலே போடுகிற வேலை. தீபாவளியன்று இரண்டாம் ஷிப்ட் யாருக்கும் வேண்டாம் என்பதால், வேண்டாம் என்று சொல்ல முடியாத ஆட்களின் தலையில்தான் அது விடியும். இவர் சொல்லவே மாட்டார். மந்தாரக்குப்பத்து வாடகை வீட்டிலிருந்து விடியற்காலையில் நான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் உளுந்து ஊறப்போட்டு, கறி கழுவி, மத்தியானம் வரைக்கும் அடுப்படியில் வேகுவேன். ஒரு மணிக்கு இவர் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார். அதில் இருப்பது எங்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்த தயிர் சாதம். வீடு முழுக்கக் கறிக்குழம்பு மணக்கும், சமைத்தவளின் புருஷன் தயிர் சாதத்தோடு போவான். கறிக்குழம்பு அவருக்குக் கிடைப்பது மறுநாள் காலையில், சூடு பண்ணி.

ஒரு வருடம் கூட்டத்தில் நான் வாயைத் திறந்தேன். "பன்னண்டரைக்குப் படைச்சிட்டா இவரும் சாப்ட்டுப் போவாருங்க அத்தை. பெரிய மாமா ரெண்டு மணி நேரம் பர்மிஷன் போட்டுட்டு வரலாமே" என்றேன்.

மாமியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பர்மனென்ட் வேலைன்னா உனக்கு வெளாட்டா இருக்குதா?"

எனக்கு வந்த ஆத்திரத்தை அன்று விழுங்கிவிட்டேன், இன்றும் அது செரிக்கவில்லை. யார் வேலை விளையாட்டு? இரண்டு மணி நேரம் முன்னால் வந்தால் பெரியவரை யாரும் ஒன்றும் கேட்க முடியாது. இவர் கால் மணி நேரம் தாமதமாகப் போனால் மறுநாள் வர வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். இதை நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்வதற்குள் என் கணவரே, "அதெல்லாம் ஒண்ணும் வேணாம்மா, எனக்குத் தயிர் சாதமே போதும்" என்று சொல்லிவிட்டார். எனக்கு அவர்மேல் வந்த கோபம்தான் பெரிது.

இப்படி எட்டுத் தீபாவளி. பெரியவர் ரிட்டயர் ஆனார். குவார்ட்டர்ஸைக் காலி செய்து, வடக்குத்து ஊரில் கட்டியிருந்த சொந்த வீட்டுக்கு மாமியாரோடு குடிபோனார். அந்த வருடம் சூப்பர்வைசர் ஷிப்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்புகிற வழக்கம் வந்திருந்தது. தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் செய்தியைப் பார்த்துவிட்டு இவர், "பர்ஸ்ட் ஷிப்ட்டு போட்டுருக்கான்" என்றார். நான் நம்பாமல் போனை வாங்கிப் பார்த்தேன். இரண்டு மணிக்கு முடிந்தால் இரண்டரைக்கு வீட்டில் இருப்பார். எங்கள் படையலும் இரண்டரைக்கு. முதல் தடவையாக வழக்கம் எங்கள் பக்கம் இருந்தது. அந்தத் தடவை டிபன் பாக்ஸில் நான் இட்லி நாலுதான் வைத்தேன், மத்தியானத்துக்கு வயிற்றில் இடம் இருக்கட்டும் என்று.

அந்த வருடம் கூட்டம் நடக்கவில்லை. நேரம்தான் தெரிந்த நேரமாயிற்றே என்று நானும் கேட்கவில்லை. அது என் தப்பு.

காலையில் வழக்கம்போல் நானும் என் ஓரகத்தியும், அதாவது பெரியவரின் மனைவியும், சமைத்தோம். சாதம், குழம்பு, பொரியல் எல்லாம் ஆகி, வடை சுடுவது மட்டும்தான் பாக்கி. மணி பன்னிரண்டு ஆகவில்லை. பெரியவர் புது வேட்டியோடு சமையலறை வாசலுக்கு வந்தார். "பசிக்குதும்மா. படைச்சிரலாமா?" என்றார்.

மாமியார் உடனே வாழை இலையைக் கழுவப் போனார். காலண்டர் இல்லை, ராகு காலம் இல்லை, கூட்டம் இல்லை.

"அவர் வரலையேங்க" என்றேன்.

"அவன் வந்தா சாப்டுக்குவான். பசங்க பசியில கெடக்குது பாரு."

எட்டு வருடமாகப் பசங்களுக்குப் பசிக்கவில்லையா? இரண்டரை மணி வரைக்கும் முறுக்குத் தட்டைச் சுற்றிச் சுற்றி வந்தது யார் வீட்டுப் பிள்ளைகள்? நேரம் ஷிப்ட்டைப் பார்த்து வைத்தது என்று நான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஷிப்ட்டும் இல்லை ஒன்றும் இல்லை. பெரியவர் எப்போது வருகிறாரோ அதுதான் நேரம். அவர் வீட்டிலேயே இருந்தால் அவருக்குப் பசிக்கிறபோது நேரம்.

எண்ணெய்ச் சட்டி காய்ந்துகொண்டிருந்தது. அடுப்பை அணைத்தேன். லைட்டரைக் கையில் எடுத்துக்கொண்டு சமையலறை வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

"ரெண்டரைக்குத்தான் படைப்போம். எட்டு வருசமா அதானே நேரம்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"நல்ல நாளும் அதுவுமா இன்னா அடம் இது?" என்றார் மாமியார். பூஜை அலமாரியில் தீப்பெட்டி இருந்தது, எல்லாருக்கும் தெரியும். யாரும் போய் எடுக்கவில்லை. பெரியவர் என்னைப் பார்க்காமல் முன் அறைக்குப் போய் டிவியில் பட்டிமன்றத்தைச் சத்தமாக வைத்தார். ஓரகத்தி பசங்களுக்குக் கடை பிஸ்கட்டைப் பிரித்துக் கொடுத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். எட்டு வருடம் அவளும்தான் இரண்டரை வரைக்கும் வெறும் வயிற்றோடு நின்றிருக்கிறாள்.

இரண்டே காலுக்கு எழுந்து வடை சுட ஆரம்பித்தேன். இரண்டு நாற்பதுக்கு வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. இவர் குளித்துவிட்டு வந்து நின்றதும் பெரியவர் கற்பூரம் ஏற்றினார். கும்பிட்டோம். ஆண்களும் பிள்ளைகளும் வரிசையாக இலைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். வழக்கப்படி முதல் இலை பெரியவருக்கு, கடைசி இலை இவருக்கு.

உட்கார்ந்ததும் என் கணவர் சொன்னார்: "என்னாலதான் லேட்டு. எனக்காக எதுக்குண்ணா காத்துகினு இருந்தீங்க? நீங்க சாப்ட்டிருக்கலாமே."

"பரவால்ல விடுடா" என்று பெரியவர் மன்னித்துவிட்டார்.

எட்டு வருடம் தயிர் சாதம் தின்றவர், ஒருநாள் காக்க வைத்ததற்கு மன்னிப்புக் கேட்கிறார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. சாதப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு முதல் இலையைத் தாண்டி நடந்தேன். கடைசி இலைக்கு முன்னால் போய்க் குனிந்தேன்.

இவர் இலைமேல் கையை விரித்து மறைத்தார். "அண்ணனுக்கு மொதல்ல போடு" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

நான் நகரவில்லை. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத கரி அவருடைய நகக்கண்ணில் அப்படியே இருந்தது. பாத்திரம் கனத்தது. இடுப்பில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

பிறகு கையை எடுத்தார்.