முத்தக் காய்ச்சலும் சனிக்கிழமை ஆட்டமும்

பசை உருளையைக் கணுக்காலில் வைத்து மேலே உருட்டிக்கொண்டே வருகிறாள் டார்லீன் பெக்வித். நாய்முடி எடுக்கிற உருளைதான். முழங்கால் தாண்டியதும் தாளைக் கிழித்து வெளிச்சத்தில் பிடிப்பாள். கசகசா அளவில் ஏதாவது நகர்ந்தால், "வாடி ராசாத்தி" என்று சொல்லி மடித்து நசுக்குவாள். முதுகைப் பார்ப்பது கணவன் ஆரினின் வேலை. எங்கள் கனெக்டிகட் கரையோரத்தில் மே மாதம் பிறந்தால், புல்லில் கால்வைத்தவர்கள் வீட்டிலெல்லாம் சாயங்காலம் இந்த உண்ணி வேட்டைதான்.

வயது ஐம்பத்தெட்டு. ஊர்ச் சாலைத்துறையில் புதர் வெட்டும் வண்டி ஓட்டியவள். வெண்கலத் தொண்டை, வண்டி இரைச்சலையும் மீறி வீட்டு வாசலில் நிற்பவர்களிடம் வம்பளப்பாள். அந்தத் தொண்டைக்காகவே சனிக்கிழமை நடனத்தில் அவளை ஆட்டம் சொல்ல வைத்தார்கள். இரண்டு நீண்ட வரிசைகளாக ஜோடிகள் எதிரெதிரே நிற்போம். அடுத்த அடி என்னவென்று அவள் பாட்டோடு பாட்டாகச் சொல்லவேண்டும். ஒரு தாளம் பிந்தினால் மண்டபமே முட்டிக்கொள்ளும். சரியாகச் சொன்னாலும் முட்டிக்கொள்பவன் நான். "யோவ், இடதுன்னா உன் இடதுய்யா!" என்று மைக்கிலேயே என் மானத்தை வாங்குவாள்.

இரண்டு கோடைக்கு முன் உண்ணி கடித்து லைம் நோய் வந்தது. இங்கே அதற்கு யாரும் அசரமாட்டோம், ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறோம். மாத்திரையில் மூட்டுவலி போயிற்று. களைப்பு மட்டும் போகவில்லை. கழுத்தில் நெறிகட்டியது, தொண்டை புண்ணானது. டாக்டர் ரத்தத்தைச் சோதித்துவிட்டு, பதினேழு வயதில் அவளுக்கு வந்திருந்த முத்தக் காய்ச்சலின் வைரஸ் மறுபடி எழுந்திருக்கிறது என்றார். எச்சிலில் பரவுவதால் அதற்கு அந்தப் பெயர். காய்ச்சல் போனாலும் வைரஸ் உடம்பிலேயே எங்காவது தூங்குமாம்.

"உண்ணிக் கிருமியோட உடம்பு மல்லுக்கட்டுன நேரம் பாத்து இது முழிச்சிருக்கலாம். இருக்கலாம்னுதான் சொல்றேன். உறுதியா எனக்குத் தெரியாது" என்றாராம் டாக்டர். தெரியாது என்று சொன்ன மனிதருக்கு அடுத்த தடவை ஒரு கூடை சோளம் கொண்டுபோனாள்.

எங்களுக்கு அவள் விளக்கிய விதம் வேறு. "காவக்காரன் வாசல்ல ஒரு திருடனோட கட்டிப் புரண்டுக்கிட்டிருந்தான். உள்ள லாக்கப்புல தூங்கினவன் கதவத் தெறந்துக்கிட்டு வந்துட்டான்."

ஊர் காதில் விழுந்தது என்னவோ முத்தம் மட்டும்தான். "இத்தன வருஷம் கழிச்சும் உன்ன விடலையே, யாருடி அவன்?" என்று கேட்டாள் இரும்புக்கடை மர்னா.

"என்னப் பாக்காதீங்க. நான் அப்ப வடக்க மெய்ன் மாநிலத்துல சிங்கிறால் புடிச்சிக்கிட்டிருந்தேன்" என்றான் ஆரின்.

டார்லீன் காப்பியை உறிஞ்சிவிட்டுச் சொன்னாள்: "நல்லா ஆடுவான்."

வாய் அப்படி. உடம்போ, ஒரு நாள் கொஞ்சம் அதிகமாக ஓடியாடிவிட்டால் மறுநாள் கோப்பையைக்கூடத் தூக்கவிடாது. பல் துலக்குவதுகூட உட்கார்ந்துதான். வண்டிச் சாவியை அவளே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அலுவலகத்தில் தொலைபேசி எடுக்க உட்கார்ந்தாள். நானாக இருந்தால் ஊரையே அழவைத்திருப்பேன்.

ஆட்டத்தை மட்டும் விடமாட்டேன் என்றாள். வசந்தத்தில் ஒருநாள் பாதியில் நிறுத்த வேண்டி வந்தபோது, மண்டபக் குழு தயங்கித் தயங்கி ஹார்ட்ஃபோர்டில் ஆட்டம் சொல்லும் வேறொருவர் பெயரைச் சொன்னது.

"ரோட்ட விட்டுட்டேன், சரி. இதயும் விட்டா நான் வெறும் நோயாளிதான்யா. அக்டோபர் ஆட்டத்த முழுசா நடத்துறேன். முடியலேன்னா அவனையே கூப்டுக்குங்க."

அந்த அக்டோபர் வாரம் முழுக்கப் படுத்தே கிடந்து தெம்பு சேர்த்தாள். சனிக்கிழமை மேடையேறி ஒவ்வொரு ஆட்டமாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். கடைசி ஆட்டம் தொடங்கியபோது முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. வரிசையிலிருந்து ஆரின் ஓரடி முன்னால் வைத்தான். பிடில்காரர் வில்லை நிறுத்தப் போனார்.

அவள் அவரைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தாள். பிறகு எல்லோர் கண்ணெதிரிலும், சொந்த வீட்டுக் கூடத்தில் படுப்பதுபோல, மேடைப் பலகையில் மல்லாந்து படுத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். எங்கள் காலடிச் சத்தம் பலகை வழியாக அவளுக்குக் கேட்டிருக்கவேண்டும். மைக்கை வாயருகே இழுத்தாள்.

"என்னைய ஏன் பாக்குறீங்க? ஜோடியப் புடிச்சுச் சுத்துங்க!"

தாளம் பிசகவில்லை. நாங்கள் சுற்றினோம். மேடையில் அவளுடைய இன்னொரு கை மெல்ல மேலே எழுந்து, காற்றில் ஒரு வட்டம் போட்டது.